கை வைக்காத துவக்கு

விளிம்பை முதலில் நகத்தால் தடவிப் பார்ப்பார். அளவெடுக்கும் கருவி பக்கத்திலேயே கிடக்கும். அதை எடுப்பது அதற்குப் பிறகுதான். பெருவிரல் நகம் எங்காவது தடக்கினால் தில்லையம்பலத்தின் இடப்புருவம் சற்றே மேலேறும். அந்த உருப்படி சிவப்புத் தொட்டிக்குள் போய்விடும். அதற்குமேல் அந்த அஜக்ஸ் நகரத்துத் தொழிற்சாலையில் யாரும் அவரோடு வாதாடுவதில்லை. கார் பிறேக்குக்கான உதிரிகளை அங்கே கடைந்து எடுக்கிறார்கள். கடைசல் இயந்திரத்தில் நின்றவரை, முழங்கால் பழுதான பிறகு பரிசோதனை மேசைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அவருக்கு அங்கே ‘மிஸ்டர் ரிஜெக்ட்’ என்று பெயர். காதில் விழுந்தால் சிரிப்பார்.

“தேய்ச்சுச் சரிப்பண்ணலாம் எண்டு வருவாங்கள். தேய்ச்சால் அது வேறை சாமான். நான் அளந்த சாமான் இல்லை.”

வீட்டிலும் அதே மனிதர்தான். அவருடைய பழைய கொரோலாவின் பின்கதவில், கோயில் வாகனத் தரிப்பிடத்தில் யாரோ இடித்த நெளிவு பல வருடங்களாக இருக்கிறது. தட்டி எடுக்கச் சொல்லி மனைவி யோகராணி அலுத்துவிட்டார். பட்டது பட்டதாக இருக்கட்டும் என்பது அவர் பதில். குள்ளமான மனிதர்; கடையில் வாங்கும் குளிர்கோட்டுகளின் கை எப்போதும் விரல்களை மூடும். தைப்பவரிடம் கொடுத்து வெட்டினால் அரைமணி வேலை. கொடுக்கமாட்டார். இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு பனிக்காலம் முழுவதும் திரிவார். “வெட்டினால் பிறகு ஒட்டேலாது” என்று கோட்டுக் கைக்கும் சொல்லுவார், கறிவேப்பிலைச் செடிக்கும் சொல்லுவார்.

அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது.

கூட வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். நீண்ட மேசைகளில் பழைய இராணுவத் துப்பாக்கிகள் அடுக்கிக் கிடந்தன. உலகப்போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்டவை. அந்தக் காலத்தில் கடைகளில் விறகு விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் முன்பக்க மரத்தை மரமறுக்கும் வாளால் அரிந்து, பாரத்தைக் குறைத்து, மான் வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேசையில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவை. ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. குழலின் நுனிவரை மரம். மரத்தில் வடுவும் கறையும். உலோகத்தில் எங்கெங்கோ குத்திய இலக்கங்கள், எல்லாம் ஒரே இலக்கம். இவர் குடியிருக்கும் நகரத்தின் மேற்குக் கரையில், லோங் பிறாஞ்சில், ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஆயுதச்சாலையில் செய்தது என்று விற்க வந்த மனிதர் சொன்னார். தில்லையம்பலம் அதன் மேல் நகத்தை ஓட்டினார். திரும்பி வந்து லைசென்ஸ் வகுப்புக்குப் பதிந்தார். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு அதே மனிதரைத் தேடிப்பிடித்து வாங்கினார்.

கலியாண வீடுகளில் இதைக் கேள்விப்பட்டவர்கள் விடமாட்டார்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள், நீர் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறீரோ என்று கேட்பார்கள். அவர் இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார். ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கியதும் இதே இனத் துவக்குத்தான். மாணவனாக இருந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அதன் பிடங்கு, அந்த மரப் பின்கட்டை, அவர் முதுகில் விழுந்திருக்கிறது. இடது தோள்பட்டைக்குக் கீழே அந்த இடம் குளிர்காலத்தில் இன்னும் உளையும். யோகராணிக்கு மட்டும் ஒருமுறை சொன்னார்: “அடிக்கேக்கை நான் திரும்பிப் பாக்கேல்லை. உது என்ன மாதிரிச் சாமான் எண்டே எனக்குத் தெரியாது. இப்ப ஆறுதலாய்ப் பாக்கிறன்.”

ஆறுதலாகத்தான் பார்த்தார். ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் அறையில் அதற்கு ஓர் இரும்பு அலுமாரி. குழலின் பின்வாயை மூடும் போல்ற் கழற்றி வேறு பெட்டியில், ரவைக் குண்டுகள் வேறு பூட்டில். சாவி ஒருபோதும் வீட்டுக்குள் இராது, காரில் இருக்கும். ஞாயிறு காலையில் எடுத்து, உள்ளங்கையில் ஆளிவிதை எண்ணெய் சில துளி விட்டு மரத்தைத் தேய்ப்பார். மணல் தாள் படவிடமாட்டார். கறையை எடுக்கமாட்டார். வடு வடுவாகவே இருந்து எண்ணெய் குடிக்கும். பிடங்கின் வலப்பக்கத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ஒரு முத்திரை இருந்தது. கடுகளவு வட்டம், அதற்குள் ஒற்றை எழுத்து. அந்த ஆயுதச்சாலையில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்தார்கள் என்றும், செய்து முடிந்ததைச் சோதித்து முத்திரை குத்தியது பரிசோதகர்கள் என்றும் மகன் சுலக்சன்தான் எங்கோ வாசித்துச் சொன்னான். அதன் பிறகு அந்த வட்டத்தைத் தொடும்போதெல்லாம் தில்லையம்பலம், “உவளும் என்ரை வேலைதான் செய்திருக்கிறாள்” என்பார், அடுத்த மேசையில் இருக்கிற ஒருத்தியைச் சொல்லுவதுபோல.

உள்ளே இருந்த எழுத்து தேய்ந்திருந்தது. ஆங்கிலப் ‘பி’ என்று தகப்பன். எட்டு என்று மகன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், ரோச் வெளிச்சம் அடித்துச் சரித்துப் பார்த்தார்கள், பென்சிலால் தாளில் ஒற்றியும் எடுத்தார்கள். தீரவில்லை. தகப்பனும் மகனும் வேறு எதையும் பற்றி அதிகம் பேசிக்கொண்டதில்லை. நகருக்கு வடக்கே இருந்த சூட்டுத் திடலுக்கு வருடத்தில் சில தடவை போவார்கள். போகும் வழி முழுவதும் பியா, எட்டா என்றுதான் கதை. யோகராணிக்கு அந்தத் துவக்கு கண்ணில் காட்டக்கூடாத சாமான். ஆனாலும் இவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது தேநீர் ஊற்றிக் கொடுப்பார்.

துவக்கை வெட்டாமல் வைத்திருப்பது பற்றித் தில்லையம்பலத்தோடு எதிர்க்கதை கதைக்கிற ஒரே ஆள் றமேஸ். பிறம்ரனில் லொறி ஓட்டுகிறவர், பத்து வயது இளையவர். கார்த்திகை மாதம் சக சாரதிகளோடு மான் வேட்டைக்குப் போய், இறைச்சியைப் பொதி செய்து, தில்லையம்பலம் வீட்டுக்கும் ஒரு பங்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர். அவரிடமும் அதே இனத் துப்பாக்கி ஒன்று இருந்தது. யாரோ எப்போதோ வெட்டியது, குழல் தேய்ந்தது.

“அண்ணை, துவக்கு எண்டால் சுடோணும். நீங்கள் அதைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கிறியள்” என்பார் றமேஸ். இவற்றை இலட்சக்கணக்கில் செய்தார்கள். போரால் திரும்பி வந்தவனுக்கு வீட்டில் இறைச்சி தேவைப்பட்டது, மரத்தை வெட்டினான், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதில் என்ன பாவம் என்று கேட்பார். அதற்குத் தில்லையம்பலம், பாவம் ஒன்றுமில்லை, வெட்டியவன் வெட்டட்டும், வெட்டாமல் தப்பியதை விடு என்பார். அதற்குமேல் றமேஸ் மான் இறைச்சிக் கறியின் பக்கம் கதையைத் திருப்பிவிடுவார்.

போன வருடம் பனிக்காலத்தில் சுலக்சன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். வோட்டர்லூவில் படித்து, நகரத்தின் நடுவில் நல்ல வேலையில் இருந்தவன். லீவு என்றான். லீவு முடிந்த பிறகும் போகவில்லை. நிலக்கீழ் அறையில் படுத்திருந்தான். முதலில் பகலில் தூங்கினான், பிறகு எப்போதும் தூங்கினான். கூப்பிட்டால் மேலே வருவான். பீங்கானில் போட்டதை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துவிட்டு இறங்கிப் போவான். கேட்கிறவர்களுக்கு, பிள்ளை வீட்டிலிருந்து வேலை செய்கிறான் என்று தகப்பனும் தாயும் சொன்னார்கள். இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொன்ன பொய் அல்ல. தனித்தனியே வாயில் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தது.

ஒரு நாள் பின்னேரம் யோகராணி வேலையால் வந்து உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினார். சுலக்சன் நிலத்தில் உட்கார்ந்திருந்தான். முதுகு அந்த இரும்பு அலுமாரியில் சாய்ந்திருந்தது. கை இரண்டும் மடியில். அலுமாரி பூட்டியபடிதான் இருந்தது. என்னப்பு செய்கிறாய் என்று கேட்டதற்கு, “சும்மா, அம்மா” என்றான். யோகராணி உடுப்புக் கூடையை வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். தில்லையம்பலம் வீடு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

அன்றிரவே கூட்டிக்கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டொக்டர் ஓர் இளம் பெண். சுலக்சனோடு தனியே நெடுநேரம் பேசிவிட்டு வந்து, வீட்டில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தில்லையம்பலம் முறையாகப் பதில் சொல்லத் தொடங்கினார். அலுமாரி எப்படிப்பட்டது, போல்ற் எங்கே, ரவை எங்கே, சாவி எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த டொக்டர்ப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பூட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அது வீட்டில் இருக்கக்கூடாது என்றார். வாகனத் தரிப்பிடத்தில் யோகராணி கார்க் கதவைத் திறக்காமல் நின்றார்.

“இஞ்சருங்கோ, உது இருக்கிற வீட்டிலை நான் இருக்கமாட்டன். அதின்ரை பேரும் எங்கடை வீட்டிலை இருக்கப்படாது.”

துப்பாக்கி திருத்துகிற ஒருவரைத் தில்லையம்பலம் தொலைபேசியில் பிடித்துக் கேட்டார். குழலை உள்ளால் அடைத்து உருக்கி ஒட்டிவிடலாம் என்றார் அவர். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. மரம், இலக்கம், முத்திரை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ஒருநாளும் சுடாது. கேட்டுக்கொண்டு நின்ற யோகராணி, அப்படியென்றால் கீழே வைக்காமல் கராஜில் வைக்கலாம் என்று கொஞ்சம் இறங்கி வந்தார். தில்லையம்பலத்துக்கு முகம் மாறிவிட்டது.

“உயிரை எடுத்துப்போட்டு உடம்பை வைச்சிருக்கச் சொல்லுறியளோ?”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. யோகராணி நிலக்கீழ் அறைக்கு இறங்கும் படியைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனார்.

மறுநாளே தில்லையம்பலம் துவக்கை றமேஸிடம் கொண்டுபோனார். லைசென்ஸைச் சரிபார்த்து, முறைப்படி கைமாற்றி, ஒரு குறையும் இல்லாமல் செய்தார். ஏன் என்று றமேஸ் கேட்டதற்கு, பேஸ்மென்றில் தண்ணீர் கசிகிறது, ஈரம் மரத்துக்கு ஆகாது என்றார். 401 நெடுஞ்சாலையில் வரும்போது கோத்துக்கொண்டு வந்த பொய் அது. காசு எவ்வளவு என்று றமேஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். தில்லையம்பலம் மறுத்துத் தலையாட்டினார். “காசு வேண்டாம். நீ வைச்சிரு” என்றார். அவர் மனதில் அந்தச் சொல்லுக்கு, நான் வந்து எடுக்கும்வரை என்று ஒரு வாலும் இருந்தது. அதை வெளியே விட்டால், எப்போது வந்து எடுப்பீர்கள் என்று கேள்வி வரும். அதற்குப் பிள்ளையின் கதை வரும். றமேஸின் கண் கலங்கியது. தன்னுடைய தேய்ந்த துவக்கை அந்தக் கிழமையே கழித்துவிட்டார்.

கோடை ஒருமாதிரிப் போனது. டொக்டர்கள் சுலக்சனின் குளிசைகளை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். சுலக்சன் மேலே வந்து சாப்பிடத் தொடங்கினான். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில். தானாக ஒரு கேள்வி கேட்டு மாதக் கணக்காகியிருந்தது. தில்லையம்பலம் தொழிற்சாலையில் நல்ல உருப்படியைச் சிவப்புத் தொட்டிக்குள்ளும் கெட்டதைப் பச்சைக்குள்ளும் போட்டு, மேற்பார்வையாளர் கூப்பிட்டு விசாரித்ததும் அந்தக் காலத்தில்தான். வீட்டுக்கு வந்தால், மகன் படுத்திருக்கிற அறையின் கதவுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போவார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுலக்சன் பீங்கானைப் பார்த்தபடி, “அப்பா, லோங் பிறாஞ்ச் எங்கை?” என்று கேட்டான். துவக்குக்குத் தகப்பனும் மகனும் வைத்திருந்த பெயர் அது.

யோகராணியின் கை சோற்றுக் கரண்டியோடு நின்றது. றமேஸ் அங்கிளிடம் பத்திரமாக இருக்கிறது என்றார் தில்லையம்பலம், மெதுவாக.

“எனக்கு அது வேண்டாம். அந்த முத்திரையைத்தான் யோசிச்சனான். இப்பத்தைய போனிலை குளோஸ் அப் எடுத்து, கொன்ட்ராஸ்ற்றைக் கூட்டினால் தெரியும். பியா எட்டா எண்டு சொல்லலாம்.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “படம் எடுத்துக்கொண்டு வாறியளா?”

அவ்வளவு நீளமாக அவன் பேசி அந்த வீடு கேட்டு எவ்வளவோ காலம். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனார். தில்லையம்பலம் கை கழுவும்போது நெடுநேரம் கழுவினார். எந்தப் பக்கத்தால் வெளிச்சம் விழவேண்டும், போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டும் என்றெல்லாம் மகன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சனிக்கிழமை காலை பிறம்ரனுக்குப் போய்ச் சேர்ந்தபோது றமேஸ் கராஜ் கதவை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. உங்களுக்குக் காட்டவேண்டும் என்றுதான் அண்ணை நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தார்.

முன்பக்க மரம் பாதியோடு நின்றது. வெட்டிய முனையை உருட்டி இழைத்திருந்தார். மேல் இரும்பில் துளையிட்டு, தூரத்துக் குறி பார்க்கும் கறுப்பு ஸ்கோப் ஒன்று பூட்டியிருந்தது. துளையிடும் வேலையைக் கடையில் கொடுத்ததாகவும், மரவேலை முழுக்கத் தன் கையால் செய்ததாகவும் றமேஸ் சொன்னார். பிடங்கின் மரம் வெளிறிய தேன் நிறத்தில் இருந்தது. அதன்மேல் கண்ணாடிபோல் வார்னிஷ்.

“மூண்டு தர மணல் தாள் போட்டனான் அண்ணை. கறை ஒண்டும் இல்லை. மரத்தின்ரை ரேகை எப்பிடி வடிவாய்த் தெரியுது, பாருங்கோ.”

தில்லையம்பலம் வாங்கினார். போல்ற்றைத் திறந்து அறை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பிடங்கை வலப்பக்கம் திருப்பி வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். சரித்துப் பிடித்தார். இன்னும் சரித்தார். ரேகை வடிவாகத்தான் தெரிந்தது. வட்டம் இருந்த இடத்தில் ரேகையைத் தவிர வேறொன்றும் இல்லை.

“வெட்டின மரம் எங்கை?”

“அது குப்பைக்குப் போட்டுதே. ஏன் அண்ணை, தேவையோ?”

“இல்லை.”

றமேஸ் அவர் முகத்தைப் பார்த்தார். மலர்ச்சி மெல்ல இறங்கியது. “நீங்கள் வைச்சிரு எண்டு சொன்னனீங்கள். பேரும் மாத்தித் தந்தனீங்கள். நான் பிழையாய் விளங்கிப்போட்டனோ?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். றமேஸ் நல்ல மனிதர். அழுதிருப்பார், குப்பை போன இடத்துக்குக்கூட லொறியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் சொல்வதென்றால், அலுமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்த பிள்ளையிலிருந்து தொடங்கவேண்டும். தில்லையம்பலம் போல்ற்றை மெல்ல மூடினார்.

“பிழை ஒண்டும் இல்லை. சொன்னனான்தான்.” பிறகு, “துப்புரவாய்ச் செய்திருக்கிறாய்” என்றார்.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மகன். ‘எட்டுத்தானே?’ என்று எழுதியிருந்தான், பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டு. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் தானாக அணைந்ததும் பையில் வைத்தார்.

றமேஸ் சும்மா நிற்க முடியாமல், வேட்டைக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது, ஆனால் தூரத்தில் சுடும்போது இடப்பக்கம் விலகுகிறது, காரணம் பிடிபடவில்லை என்றார். தில்லையம்பலம் ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே குறிக்கான நெட்டுக்கோடு மயிரிழை சரிந்திருந்தது. ஆணி தளர்த்த அலன் கீ கேட்டார். நூல் கேட்டார். றமேஸ் ஓடிப்போய்த் தையல் பெட்டியையே கொண்டுவந்தார். ஒரு நட்டை நூலில் கட்டி, வீட்டுமுற்றத்து மேப்பிள் கிளையில் தூக்குக்குண்டுபோல் தொங்கவிட்டு வந்தார் தில்லையம்பலம். துப்பாக்கியை மேசைப் பிடியில் நேராக இறுக்கினார். ஸ்கோப்பைப் பிடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். குனிந்து கண்ணை வைத்தார். காற்றுக்கு நூல் ஆடியது. அது ஆடி ஓயும்வரை அசையாமல் காத்திருந்துவிட்டு, இரண்டு விரலால், கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பை மெல்ல மெல்லத் திருப்பினார்.